நோரா இக்ஸ்தெனாவின் 'தாய்ப்பால்': பால் கொடுக்காத ஒரு தாயும் அவள் மகளும்

மஞ்சள்பூனை | பதிவு 1

போன மாதம் வரை லாத்விய இலக்கியம் என்று கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். தோழி ஒருத்தி ஊருக்குப் போகும்போது இந்தப் புத்தகத்தை என் வீட்டில் மறந்துவிட்டுப் போனாள். மெலிசான புத்தகம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கும் என்று எடுத்தேன். மூன்று நாள் ஆனது. நடுநடுவே மூடி வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருந்தது.

நோரா இக்ஸ்தெனா 1969இல், அப்போது சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த லாத்வியாவின் தலைநகர் ரீகாவில் பிறந்தவர். லாத்வியப் பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் மொழியும் படித்தார், அப்புறம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம். முதல் நாவல் 1998இல் வந்தது. வென்ட்ஸ்பில்ஸ் என்ற துறைமுக ஊரில் எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் தங்கி வேலை செய்ய ஒரு இல்லம் இருக்கிறது, அதைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். ஆனால் வெளியுலகம் இவரை அறிந்தது 2015இல் வந்த 'தாய்ப்பால்' நாவலால்தான். ஆங்கிலத்தில் 2018இல் மார்கிதா கைலிதிஸ் மொழிபெயர்ப்பில் 'சோவியத் பால்' என்று வந்தது.

இரண்டு பேர் மாறிமாறிப் பேசுகிறார்கள், அம்மாவும் மகளும். இருவருக்கும் பெயரே கிடையாது. அம்மா மகப்பேறு மருத்துவர், கெட்டிக்காரி. லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு வருகிறது. அங்கே ஒரு சம்பவத்தால் எல்லாம் போய், ரீகாவிலிருந்து ஒரு கிராமத்துச் சிறு மருத்துவமனைக்குத் தூக்கியடிக்கப்படுகிறார். மகள் கூடவே போகிறாள்.

ஆனால் கதையின் முடிச்சு அதற்கும் முன்னால் விழுந்துவிடுகிறது. மகள் பிறந்ததும் அம்மா காணாமல் போகிறார். ஐந்து நாள். திரும்பி வரும்போது மார்பில் பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு அதுவரை பாட்டி கொடுத்தது சீமைச்சாமந்தித் தேநீர். ஏன் ஓடினார்? தனக்கே வாழப் பிடிக்கவில்லை, அந்தக் கசப்பு பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடக் கூடாது என்று. அன்பினால்தான் பால் கொடுக்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால் நம்மால் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? இந்த அம்மாவை மன்னியுங்கள் என்று நாவல் எங்கேயும் கெஞ்சவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழுப்புத்தாள் | பதிவு 2

படிக்கவில்லை. படிப்பேனா என்றும் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், தோழர். 'சோவியத் பால்' என்ற தலைப்பைப் பார்த்ததுமே புத்தகத்தை எந்தச் சந்தைக்காகக் கட்டியிருக்கிறார்கள் என்று புரிகிறது. சோவியத் என்றால் நஞ்சு, அவ்வளவுதானே?

மாஸ்கோவில் அச்சாகிக் கப்பலில் வந்து இறங்கிய தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை நான். ரஷ்யக் காகித வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. 1920இலேயே கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய நாடு அது. மருத்துவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உங்கள் கதாநாயகியே ஒரு டாக்டர். அவரை டாக்டர் ஆக்கியது யார்?

கமா | பதிவு 3

தோழர், தலைப்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன். லாத்விய மொழியில் நாவலின் பெயர் 'மாத்தெஸ் பியென்ஸ்'. மாத்தெ என்றால் தாய், பியென்ஸ் என்றால் பால். நேராகத் தாய்ப்பால்தான். 'சோவியத்' ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட சொல். அந்தப் பழியை ஆசிரியர் தலையில் போடாதீர்கள்.

ஒட்டினால் என்ன ஆகிறது பாருங்கள். ஆங்கிலத் தலைப்பில் குற்றவாளி யாரென்று அட்டையிலேயே எழுதியாகிவிட்டது. மூலத் தலைப்பில் அது திறந்தே கிடக்கிறது: பால் ஏன் கசந்தது, தாயாலா, நாட்டாலா, இரண்டும் சேர்ந்தா? தமிழில் யாராவது கொண்டுவந்தால் தயவுசெய்து 'தாய்ப்பால்' என்றே வையுங்கள். நம் மொழியில் 'பால்' ஆண்பால் பெண்பாலுக்கும் ஆகும் என்பது லாத்வியர்களுக்கே கிடைக்காத அதிர்ஷ்டம். அதுவும் இந்த நாவலில், ஆணா பெண்ணா என்ற கட்டத்துக்குள் அடங்காத உடலோடு பிறந்த ஜெஸ்ஸே என்ற பாத்திரம் வருகிறது. கிராமத்து மருத்துவமனையில் அம்மாவைக் கடைசிவரை தாங்கிப் பிடிப்பது அந்த ஜெஸ்ஸேதான்.

இரவுப்பணி | பதிவு 4

நான் இலக்கியம் பேசத் தெரிந்தவள் இல்லை. பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மஞ்சள்பூனை எழுதிய அந்த ஐந்து நாளைப் படித்ததும் கை நின்றுவிட்டது.

ஐந்து நாள் என்றால் சீம்பால் போய்விட்டது. அது ஒரு பக்கம். அந்த அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தீர்களா? மூன்றாம் நாள் பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல் மாதிரி ஆகிவிடும், காய்ச்சல் வரும், கை தூக்க முடியாது. குழந்தை இறந்து பிறந்த பெண்களுக்கு எங்கள் பக்கம் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றுவதற்கு. அந்த வார்டில் மல்லிகை வாசனை வந்தால் யாருக்கோ பிள்ளை தங்கவில்லை என்று அர்த்தம். இன்றைக்கும் எனக்கு மல்லிகை ஆகாது.

அந்த வலியை ஐந்து நாள் எங்கோ தனியாக அனுபவித்துவிட்டு அந்த டாக்டரம்மா திரும்பி வந்திருக்கிறார். மருத்துவம் படித்தவர், என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் போயிருப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பால் கொடுக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த பெண்களை நானே திட்டியிருக்கிறேன். கல்நெஞ்சுக்காரி என்று சொல்லியிருக்கிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று ஒன்று இருப்பதை எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

குறுக்குக்கேள்வி | பதிவு 5

எல்லாம் சரி. இவர் பெண்ணியவாதியா? பெண் எழுதி, பெண்ணைப் பற்றி எழுதினால் உடனே அந்த முத்திரையைக் குத்திவிடுவதா? மஞ்சள்பூனை இந்த இழையைப் 'பெண்ணியம்' பிரிவில் போட்டிருப்பதால் கேட்கிறேன்.

தௌகவாக்கரை | பதிவு 6

வணக்கம். நான் ரீகாவில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். நாவலை ஆங்கிலத்தில்தான் படித்தேன், என் லாத்விய மொழி கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான். கறுப்பு ரை ரொட்டி, சோம்பு மாதிரி ஒரு விதை போட்டது, முதல் மாதம் தொண்டையில் இறங்கவில்லை, இப்போது அது இல்லாமல் முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஊரில் கண்ணில் படுகிற முதல் பெண் 'மில்டா'. சுதந்திரச் சின்னத்தின் உச்சியில் மூன்று நட்சத்திரங்களைத் தூக்கிப் பிடித்து நிற்கும் செம்புப் பெண், 1935இல் திறந்தது. சோவியத் காலத்தில் அதன் காலடியில் பூ வைத்தாலே சிக்கல். 1987 ஜூன் 14 அன்று ஹெல்சிங்கி-86 என்ற மனித உரிமைக் குழு துணிந்து பூ வைத்தது, அங்கிருந்துதான் கூட்டங்கள் பெருகின. ஜூன் 14 ஏன் என்றால், 1941இல் அந்த ஒரே நாளில் லாத்வியாவிலிருந்து சுமார் 15,000 பேரை ரயிலேற்றி நாடுகடத்தினார்கள். 1949 மார்ச்சில் 42,000 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். பழுப்புத்தாள் ஐயா, இதையும் அந்தக் காகித வாசனையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நாவலில் அம்மாவின் அப்பா இப்படி ஒரு ஆள்தான். தன் இளம் தளிர்மரங்களை, கிறிஸ்துமஸ் மரம் என்போமே அந்த ஜாதி, செம்படை வீரர்கள் வெட்ட வரும்போது குறுக்கே நிற்கிறார். அடி, கைது, சைபீரியா. அதே இரவில் கைக்குழந்தையைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறாள் பாட்டி. அந்தக் குழந்தைதான் பின்னால் டாக்டர் ஆகிற அம்மா.

குறுக்குக்கேள்விக்கு: இங்கே பெண்ணியவாதி என்று கேட்டால் முதலில் வரக்கூடிய பெயர் இங்கா கைலெ. 1976இல் பிறந்த கவிஞர். பெண்கள் மட்டும் மேடையேறும் நகைச்சுவைக் குழு ஒன்றைத் தொடங்கியவர், மாதவிடாய், தாய்மை, புருஷன், மாமியார் எல்லாம் அங்கே சிரிப்பாகும். அவருடைய 'ஸ்டிக்லி' நாவல், கண்ணாடித் துண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம், 1930களின் இறுதியில் ஒரு மனநல மருத்துவமனையில் நடக்கிறது. யார் பிள்ளை பெறத் தகுந்தவள், யார் தகாதவள் என்று அரசும் மருத்துவர்களும் முடிவு செய்த காலம். அது சோவியத் வருவதற்கு முன்னால், உல்மானிஸ் சர்வாதிகாரத்தில். இது பழுப்புத்தாள் ஐயாவுக்கு என் சமாதானப் பரிசு.

சும்மா ஒரு தகவல்: இங்கே குடும்பப்பெயருக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. பெண் 'இக்ஸ்தெனா' என்றால் ஆண் 'இக்ஸ்தென்ஸ்'.

மஞ்சள்பூனை | பதிவு 7

தௌகவாக்கரை, கைலெயை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், நன்றி!

குறுக்குக்கேள்விக்கு என் பதில். இக்ஸ்தெனா தன்னை எப்படி அழைத்துக்கொண்டார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. நாவலில் உடல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். லெனின்கிராடில் நடந்த அந்தச் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். செராபிமா என்று ஒரு ரஷ்யப் பெண், பிள்ளை இல்லை, புருஷன் போர் வீரன், பதக்கம் வாங்கியவன், குடித்துவிட்டு அடிப்பவன். அம்மா அவளுக்குக் கருத்தரிக்க உதவுகிறார், ஆராய்ச்சிக்கூடத்து அறிவை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல். அது பலிக்கவும் செய்கிறது. பிறகொரு நாள் அவன் அவளை அடிப்பதைப் பார்த்து, அம்மா அவனைத் திருப்பி அடிக்கிறார். அவ்வளவுதான். போர் வீரன் மேல் கை வைத்தவள் என்று வேலை போயிற்று, ஆராய்ச்சி போயிற்று, எதிர்காலமும் போயிற்று.

கவனியுங்கள், இந்த அம்மா கொடி பிடிக்கவில்லை, துண்டறிக்கை அடிக்கவில்லை. இன்னொருத்தியைப் புருஷன் அடித்ததைத் தடுத்தார், தண்டனையை அரசாங்கம் கொடுக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் அடியும் நாட்டின் அதிகாரமும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி என்பதை இக்ஸ்தெனா ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார். இதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள், பிரிவை மாற்றிவிடுகிறேன்.

குறுக்குக்கேள்வி | பதிவு 8

பிரிவை மாற்ற வேண்டாம். :)

ஆனால் ஒரு சந்தேகம். அம்மா இவ்வளவு துணிச்சல்காரி என்றால், பெற்ற மகளை ஏன் அப்படி விட்டார்? செராபிமாவுக்காக அடிதடி, சொந்தப் பிள்ளைக்குச் சாமந்தித் தண்ணீர்!

இரவுப்பணி | பதிவு 9

தம்பி, இது கேள்வியே இல்லை. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்துவிட்டு, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதே தெரியாமல் இருந்த ராத்திரிகள் எனக்கு உண்டு. அடுத்தவருக்கு ஓடுவது சுலபம், ஷிப்ட் முடிந்தால் முடிந்தது. பெற்ற பிள்ளைக்கு ஷிப்ட் முடிவதே இல்லை.

பழுப்புத்தாள் | பதிவு 10

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். புத்தகத்தை மகன் மூலம் வரவழைத்துப் படித்தேன். என் ஆங்கிலத்துக்கு மெதுவாகத்தான் போயிற்று.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். 1920 சட்டத்தைப் பெருமையாக எழுதினேன். அதே நாடு 1936இல் கருக்கலைப்பைத் தடை செய்ததையும், 1955இல்தான் தடையை நீக்கியதையும் எழுதாமல் விட்டேன். பத்துப் பிள்ளை பெற்றவளுக்கு 'வீரத் தாய்' பட்டம் கொடுத்ததையும். அப்புறம் சட்டம் இருந்ததே தவிர, கருத்தடைச் சாதனங்கள் கடைகளில் கிடைப்பது அபூர்வம். பிள்ளை வேண்டாம் என்றால் கருக்கலைப்புதான் வழி என்று ஆகிப்போன பெண்கள் எத்தனையோ பேர். அந்தக் கிராமத்து மருத்துவமனை வாசலில் வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

எனக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது வேறொரு புத்தகம். கார்க்கியின் 'தாய்', ரகுநாதன் மொழிபெயர்ப்பில். எங்கள் தலைமுறைக்கு அது வேதம். அங்கே தாய் ஒன்றும் அறியாதவள், மகன் பாவெலின் வழியாகக் கண் திறக்கிறாள், அரசியலுக்குள் வருகிறாள். இங்கே எல்லாம் தலைகீழ். தாய்தான் அறிந்தவள். அறிந்ததாலேயே உடைகிறாள். பள்ளிக்கூடத்துச் சிறுமி அவளுக்குத் தாயாகிறாள். மாத்திரைகளை ஒளித்து வைப்பதும், சாவின் வாசலிலிருந்து இழுத்து வருவதும் அந்தப் பிள்ளைதான். கார்க்கியைப் படித்தபோது நான் என்னைப் பாவெலாக நினைத்துக்கொண்டேன். இதைப் படித்தபோது எங்கள் அம்மா ஞாபகம் வந்தது. அவர் என்ன நினைத்து வாழ்ந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனால் ஒரு புகார் இருக்கிறது, அதை விடமாட்டேன். நாவலில் அம்மாவின் இருள் முழுவதையும் ஆட்சியின் கணக்கில் எழுதிவிடச் சில இடங்களில் அவசரம் தெரிகிறது. கூண்டு, சிறை, சுதந்திரம் என்று உருவகங்கள் கொஞ்சம் பச்சையாக வந்து விழுகின்றன. அந்த அம்மா லண்டனில் பிறந்திருந்தாலும் வாழ விரும்பியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கமா | பதிவு 11

தோழர், மற்றதெல்லாம் ஏற்கிறேன். ஆனால் கூண்டு உருவகத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன். அந்த வெள்ளெலியை நினைத்துப் பாருங்கள். மகள் ஆசையாக வளர்க்கும் பாம்பி. ஒரு நாள் பார்த்தால், பெற்ற குட்டிகளையே தின்றிருக்கிறது. சிறுமி அலறுகிறாள். அம்மா அந்த எலியை வெறுக்கவில்லை, அருவருக்கவில்லை. கூண்டுக்குள் வாழ வேண்டாம் என்று குட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பது போல அதைப் புரிந்துகொள்கிறார். அதைக் கேட்கிற மகளின் நிலையை யோசியுங்கள். எதிரே நிற்பது பால் கொடுக்காத தாய். 'அப்படியானால் நான்?' என்று அவள் கேட்பதில்லை. ஆசிரியரும் அதை எழுதவில்லை. பச்சையான உருவகம்தான், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் மௌனம் பச்சையானதில்லை.

அதே மகள் பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகக் கொடுக்கும் பாலைக் குடிக்க முடியாமல் ஓங்கரிக்கிறாள். அம்மா கொடுக்காத பாலை அரசாங்கம் தம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறது, உடம்பு ஏற்கவில்லை. ஆங்கிலத் தலைப்பு அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று தோன்றுகிறது. முன்பு திட்டியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

மஞ்சள்பூனை | பதிவு 12

பழுப்புத்தாள் தோழர், நீங்கள் திரும்பி வந்து எழுதியதற்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு சின்னச் சண்டை போடுகிறேன்.

1998இல் வந்த முதல் நாவலைப் பற்றித் தேடினேன். அதன் பெயர் 'வாழ்வைக் கொண்டாடுதல்'. ஒரு பெண் தன் தாயின் சாவுக்குப் போகிறாள். அந்தத் தாயை அவளுக்குத் தெரியவே தெரியாது. வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகச் செத்தவளைப் பற்றிச் சொல்லும் கதைகளிலிருந்து அம்மாவைத் துண்டு துண்டாகக் கூட்டி எடுக்கிறாள். அதே விஷயம்! 17 வருடம் கழித்து அதே கதவைத் திரும்பத் தட்டுகிறார், இந்த முறை அம்மாவையே பேச வைக்கிறார். 'தாய்ப்பால்' நாவலின் மகளும் 1969இல் பிறந்தவள், ஆசிரியரைப் போலவே. சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்தது என்பது ஒளிவுமறைவான விஷயமும் இல்லை.

அதனால் இது ஆட்சியைத் திட்ட உட்கார்ந்து எழுதியது என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா ஏன் என்னை விட்டு ஓடினாள் என்று கேட்கப் போனவளுக்கு, போகிற வழியில் சைபீரியா குறுக்கிட்டது. 'நாம். லாத்வியா, 20ஆம் நூற்றாண்டு' என்ற வரிசைக்காக எழுதியது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். குந்தெகா ரெப்ஷெ என்ற எழுத்தாளர் முன்னெடுத்த வரிசை அது. நூற்றாண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆளுக்கொரு நாவல். ஒருவர் போரை எடுத்தார், ஒருவர் வேறொன்றை எடுத்தார், இவர் 1969 முதல் 1989 வரையான காலத்துக்குள் போய் ஒரு மார்பை எடுத்தார்.

குறுக்குக்கேள்வி | பதிவு 13

நானும் பாதி தாண்டிவிட்டேன். மகளுக்குப் பிடித்த ஆசிரியருக்கு எதிராக அவளையே சாட்சி சொல்ல வைக்கிற இடம். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அறைக்குள் உட்கார வைத்து மென்மையாகப் பேசியே உடைக்கிறார்கள். அடியில்லை, சத்தமில்லை. எனக்கு இதுவரை அதிகம் வலித்தது அங்கேதான்.

யாரும் முடிவைச் சொல்லித் தொலைக்காதீர்கள்.

பழுப்புத்தாள் | பதிவு 14

பெர்லின் சுவர் விழுகிறது. அது சரித்திரம், முடிவைச் சொன்னதாகாது. மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

தௌகவாக்கரை | பதிவு 15

தேர்வு நடந்ததால் காணாமல் போய்விட்டேன். மஞ்சள்பூனை, ரெப்ஷெயின் பெயரைச் சொன்னீர்களே, கைலெயின் 'ஸ்டிக்லி'யும் அதே வரிசைதான். எழுத்தாளர்களைப் பற்றியே எழுத்தாளர்கள் நாவல் எழுதும் இன்னொரு வரிசையையும் ரெப்ஷெதான் தொடங்கினார். அதில் கைலெ எடுத்துக்கொண்டது இவாந்தெ காயாவை. 1913இலேயே கல்யாணத்துக்குள் பெண்ணின் ஆசையைப் பற்றி நாவல் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர் காயா. அவருக்கும் முன்னால் அஸ்பாசியா, 1894இல் 'இழந்த உரிமைகள்' என்று நாடகமே போட்டார். இன்றைக்கும் பல பேருக்கு அவர் பெரிய கவிஞர் ரைனிஸின் மனைவி. இக்ஸ்தெனா வானத்திலிருந்து குதித்தவர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. செராபிமாவைப் பற்றி மஞ்சள்பூனை எழுதியது இங்கே பழைய கதை இல்லை. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கையில் லாத்வியா 2016இல் கையெழுத்திட்டது, நாடாளுமன்றம் அதை ஏற்க 2023 நவம்பர் ஆனது. 2025 அக்டோபர் கடைசியில் அதே நாடாளுமன்றம் வெளியேறுவோம் என்று வாக்களித்தது. பெரிய போராட்டங்கள் நடந்தன. அதிபர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், முடிவை அடுத்த தேர்தலுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். 'தாய்ப்பால்' 2023இல் படமாகவும் வந்தது, இயக்கியவர் இனாரா கொல்மனெ.

இரவுப்பணி | பதிவு 16

படம் எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரியுமா? ஆங்கிலத்தில் புத்தகம் படிக்க எனக்கு ஆகாது. கீழே வரி ஓடினால் பேத்தி படித்துச் சொல்வாள்.

கமா | பதிவு 17

அக்கா, படத்தைத் தேடிப் பார்க்கிறேன். அதுவரை, அந்த ஐந்து நாள் வருகிற முதல் சில பக்கங்களைத் தமிழில் செய்து உங்களுக்குத் தனிமடலில் அனுப்பட்டுமா? பழக்கத்துக்காக ஏற்கெனவே தொடங்கிவிட்டேன். ஓர் உதவி வேண்டும்: பால் வற்றின மார்பை வார்டில் எப்படிச் சொல்வீர்கள்? 'வறண்ட' என்று எழுதினேன், நிலத்தைச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

இரவுப்பணி | பதிவு 18

அனுப்புங்கள் தம்பி. 'பால் மறந்துபோச்சு' என்போம்.